இரண்டு மெயின்ஃபிரேம்கள் பேசிக்கொள்ள

1969 ஜூலையில் சி.ஐ.சி.எஸ். என்ற மென்பொருளை ஐ.பி.எம். வெளியிட்டது. மின்சாரம், எரிவாயு வழங்கும் அமெரிக்க நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது அது. வாடிக்கையாளர் போனில் காத்திருக்கும்போதே ஊழியர் அவருடைய கணக்கைத் திரையில் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும், அதுதான் நோக்கம். 1974-ல் அதன் பொறுப்பு இங்கிலாந்தின் ஹர்ஸ்லி ஆய்வுக்கூடத்துக்குப் போனது. இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் வடிவமைப்பாளர்கள் வேலை பார்த்த மாளிகை வளாகம் அது.

அதே 1974-ல் எஸ்.என்.ஏ. என்னும் வலையமைப்பு முறையையும் ஐ.பி.எம். அறிவித்தது. அதற்குள் சி.ஐ.சி.எஸ்.ஸைப் பயன்படுத்திய வங்கிகளின் தேவை பெருகியிருந்தது. சேமிப்புக் கணக்கு ஒரு ஊர்க் கணினியில் இருக்கும். கடன் விவரம் வேறொரு ஊரில் இருக்கும். ஒரே கணினிக்குள்ளும் சிக்கல்தான். சி.ஐ.சி.எஸ். இயங்கும் ஒரு பகுதிக்கு அப்போது கிடைத்த நினைவக முகவரி வெளி 16 மெகாபைட்டைத் தாண்டாது. ஒரு புரோகிராம் தப்பான இடத்தில் எழுதினால் அந்தப் பகுதி முழுவதும் விழுந்துவிடலாம். அதனால் முனையங்களுக்கு ஒரு பகுதி, புரோகிராம்களுக்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று எனப் பிரித்தார்கள். பிரித்தவை ஒன்றோடொன்று பேச வேண்டுமே!

அந்தப் பேச்சுக்கான ஏற்பாட்டைப் பொறியாளர்கள்தான் எழுதிவைத்தார்கள். ஒவ்வொரு சி.ஐ.சி.எஸ்.ஸுக்கும் எட்டு எழுத்துக்கு மிகாத ஒரு பெயர் உண்டு. வலையமைப்பைக் கவனிக்கும் விடாம் மென்பொருளிலும் அதே பெயர் பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பெயரை எதிர்ப் பக்கம் தன் இணைப்பு வரையறையில் குறித்துக்கொண்டு, உள்ளே அழைக்க நான்கெழுத்துச் சுருக்கமும் வைத்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் எத்தனை செஷன்கள் (இணைப்பில் நடக்கும் தனித்தனி உரையாடல்கள்), அவற்றில் எத்தனையைத் தொடங்க இந்தப் பக்கத்துக்கு முன்னுரிமை என்பதையும் எழுத வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் இணைப்பு எழாது.

ஆரம்பத்தில் இவையெல்லாம் அசெம்பிளர் மேக்ரோக்களால் கட்டப்பட்ட அட்டவணையில் இருந்தன. ஒரு வரியை மாற்றினாலும் மறுபடி அசெம்பிள் செய்து, சி.ஐ.சி.எஸ்.ஸை நிறுத்தித் தொடங்க வேண்டும். முனையத்தில் உட்கார்ந்தே வரையறுக்கும் வசதி 1980களில் வந்தது.

இவ்வளவு கறாருக்குக் காரணம் பணம். ஒரு கணினியில் கழித்த தொகையை இன்னொன்றில் கூட்டும் நடுவில் லைன் அறுந்தால் என்ன ஆகும்? எல்.யு. 6.2 என்ற நெறிமுறை இதற்கு இரண்டு கட்ட ஒப்புதலைத் தந்தது. முதலில் எதிர்ப் பக்கம், ‘எந்த முடிவுக்கும் நான் தயார்’ என்று தன் பதிவேட்டில் எழுதிவிட்டுப் பதில் அனுப்பும். அதற்குப் பிறகே உறுதி செய்யும் ஆணை போகும். இடையில் தொடர்பு அறுந்தால், மாற்றிய கணக்குப் பதிவுகளைப் பூட்டி வைத்துக் காத்திருக்கச் சொல்லலாம். இணைப்பு மீண்டதும் இரு பக்கமும் பதிவேடுகளை ஒப்பிட்டு முடிவெடுக்கும். இரண்டு இடத்துக் கணக்கையும் ஒன்றாகக் காப்பாற்றிய ஏற்பாடு இதுதான்.

2007-ல் வந்த சி.ஐ.சி.எஸ். 3.2 பதிப்பு, சி.ஐ.சி.எஸ்.கள் இணையத்தின் டி.சி.பி./ஐ.பி. நெறிமுறை வழியாக நேரடியாக இணைய வழி செய்தது. ஹோஸ்ட் பெயரும் போர்ட் எண்ணும் வரையறைக்குள் வந்தன. அழைப்பைப் பெறும் பக்கம் வரையறையைத் தானே உருவாக்கிக்கொள்ளவும் முடிந்தது. ஆனால் அனுப்ப எத்தனை செஷன், பெற எத்தனை என்ற கணக்கு புதிய வரையறையிலும் தொடர்ந்தது. இரண்டு கட்ட ஒப்புதலும் கூடவே வந்தது.