பாட்டி பெட்டியில் வெள்ளி ரூபாய் கிடைச்சுதா? புளி போட்டுத் தேய்க்கும் முன் இதைப் படிங்க!

தென்காசியை அடுத்த மேலகரம், குற்றாலம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பூஜை அறைச் செம்புக்குள்ளோ, பாட்டியின் தகரப் பெட்டியிலோ நாலைந்து வெள்ளி ரூபாய் இருக்கும். வெள்ளிக்கிழமையானால் மஞ்சள், குங்குமம் வைப்பார்கள். கறுத்துப் போனால் விபூதி, இல்லைன்னா புளி போட்டுப் பளபளன்னு தேய்த்துவிடுவார்கள்.

குத்துவிளக்குக்கு அது சரி. காசுக்கு அதுதான் பெரிய நஷ்டம். ஒரே ஆண்டு, ஒரே ராஜா தலை போட்ட இரண்டு காசுகளில் ஒன்று வெள்ளி விலைக்குச் சற்று மேலே போகும், இன்னொன்று அதைப்போலப் பல மடங்கு போகும். இரண்டுக்கும் வித்தியாசம் காசின் வயது இல்லை. மேற்பரப்பு.

எந்தக் காசில் எவ்வளவு வெள்ளி?

கிழக்கிந்தியக் கம்பெனி 1835-ல் இந்தியா முழுமைக்கும் ஒரே மாதிரி ரூபாய் கொண்டுவந்தது. எடை 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. நாட்டு மருந்துக் கணக்கில் 'ஒரு ரூபாய் எடை' என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். இதில் வெள்ளி 91.7 சதவீதம். சுத்த வெள்ளியாகக் கணக்குப் போட்டால் ஒரு காசில் சுமார் 10.7 கிராம்.

விக்டோரியா காசில் முதலில் 'குயின்' என்று இருக்கும். 1877 முதல் 'எம்ப்ரஸ்'. பிறகு கிரீடம் இல்லாத ஏழாம் எட்வர்டு, அடுத்து ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ். 1940-ல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. எடை மட்டும் மாறவில்லை என்பதால் கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது, ஆண்டைத்தான் பார்க்கணும். 1947-ல் வந்த புலி போட்ட ரூபாய் நிக்கல். காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளி ஒட்டாது.

தென்காசிப் பெட்டிகளில் மிளகு சைஸில் சின்ன வெள்ளிச் சக்கரங்களும் கிடைக்கலாம். பக்கத்துச் செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும்தானே இருந்தது! அந்தக் காலத்தில் இருபத்தெட்டரை சக்கரம் ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்குச் சமம்.

யானையா, பன்றியா?

ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாயில் அவர் அங்கி மேல் ஒரு குட்டி யானை இருக்கும். தும்பிக்கை குட்டையாக விழுந்ததில் பார்ப்பவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் காசைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். 1912-ல் தும்பிக்கையைத் திருத்தி வெளியிட்டார்கள். அதனால் 1911 காசுக்குத் தனி மவுசு. ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் அதைவிட மிக அரிது. அரிது என்பதாலேயே அதில் போலியும் அதிகம்.

'அன்சர்குலேட்டட்' என்றால் என்ன?

அச்சகத்தில் இருந்து வெளிவந்த பிறகு கை மாறாத, புழக்கத்தில் தேயாத காசு. வீட்டிலேயே பார்க்கலாம். ஒற்றை பல்புக்குக் கீழே காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்க்கணும். நடுவில் இருந்து கிளம்பும் ஒளிக்கீற்று காத்தாடி மாதிரி சுற்றி வந்தால், அச்சடித்தபோது வந்த மினுமினுப்பு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். தேய்த்துக் கழுவிய காசும் பளபளக்கும். ஆனால் ஒளி சுற்றாது, கண்ணாடி போல மொத்தமாக வெள்ளை அடிக்கும். லென்ஸில் பார்த்தால் ஒரே பக்கமாக ஓடும் மெல்லிய கீறல்கள் தெரியும்.

அடுத்து, மேடான இடங்கள். விக்டோரியாவுக்குக் கன்னம், காதுக்கு மேல் உள்ள முடி, கிரீட வேலைப்பாடு. ஐந்தாம் ஜார்ஜுக்கு அதே யானைதான் அளவுகோல். கால், தும்பிக்கை தனித்தனியாகத் தெரிந்தால் நல்ல நிலை. மொழுக்கென்று இருந்தால் பல கைகள் பார்த்த காசு.

சின்னச் சின்ன வெட்டுக்காயம் இருந்தால் மனசு விட வேண்டாம். புதுக் காசுகளை மூட்டையில் கொட்டியபோது ஒன்றோடொன்று மோதிய தழும்பு அது. அன்சர்குலேட்டட் காசிலும் இருக்கும்.

இந்தத் தழும்புகளை எண்ணி மார்க் போடுவதுதான் கிரேடிங். அமெரிக்காவின் வில்லியம் ஷெல்டன் 1949-ல் அந்நாட்டுச் செப்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் போட்டார். இன்று உலகம் முழுக்க அதுதான். 60-க்கு மேல் அன்சர்குலேட்டட். எம்.எஸ்-60 என்றால் தேயவில்லை, ஆனால் தழும்பு நிறைய. எம்.எஸ்-65 என்றால் அழகாக இருக்கிறது. பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற இரு அமெரிக்க நிறுவனங்கள் காசைப் பரிசோதித்து, மார்க்கோடு பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தரும். கட்டணம் உண்டு. சாதாரணத் தேய்ந்த ரூபாய்க்கு இது வீண் செலவு.

காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த காசு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மார்க் கிடைக்காது. வளையத்தை அறுத்து எடுத்தாலும் விளிம்பில் தடம் நிற்கும்.

பம்பாயில் அடித்த 'டாலர்'

பினாங்கு, சிங்கப்பூர் போய்த் திரும்பியவர்கள் வீட்டில் பெரிய வெள்ளி டாலர் இருக்கலாம். திரிசூலம் ஏந்தி நிற்கும் பெண், மறுபக்கம் சீன, மலாய் எழுத்து. பெயர் பிரிட்டிஷ் வர்த்தக டாலர். 1895 முதல் பெரும்பாலும் பம்பாயிலும், கொஞ்சம் கல்கத்தாவிலும் அச்சானது. திரிசூலத்தின் நடு முனையில் குட்டியாக 'பி' எழுத்து இருந்தால் பம்பாய். எடை 26.95 கிராம், வெள்ளி 90 சதவீதம். நகைக்கடைத் தராசில் எடை கணிசமாகக் குறைந்தால் சந்தேகப்படுங்க. இதில் போலி ஏராளம்.

எப்படி வைக்கிறது?

குற்றாலச் சாரல் காலத்து ஈரம் வெள்ளிக்கு ஆகாது. ரப்பர் பேண்டு இன்னும் மோசம், அதில் உள்ள கந்தகம் காசைக் கறுக்கவைக்கும். மலிவான பி.வி.சி. உறையும் நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும். மைலார் உறையில் போட்டு, டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வைத்தால் போதும். கறுப்பு ஏறியிருந்தால் அப்படியே விடுங்க. நீலமும் ஊதாவுமாக இயற்கையாகப் படிந்த நிறத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். பூஜையில் வைக்கணும்னா, தேய்ந்த காசு ஒன்றை அதற்கு ஒதுக்கிவிடலாம்.

விற்கப் போகிறீர்களா?

'இந்தக் காசு இருந்தா 10 லட்சம்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்ப வேண்டாம். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி, பழைய காசை வாங்குவதற்கு முன்பணம், கமிஷன், வரி என்று கேட்டு மோசடி நடந்ததால், 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது. பழைய காசு வியாபாரத்தில் தனக்குத் தொடர்பில்லை, தன் பெயரில் கட்டணம் வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்பதே அதன் சாரம். விற்பவர் எதற்குப் பணம் கட்டணும்? கேட்டாலே போனை வைத்துவிடலாம்.

சட்டமும் உண்டு. 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த காசு தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. கிரேடிங்குக்கு அனுப்பும் முன் இதையும் கேட்டுக்கொள்ளணும். வீடு கட்டத் தோண்டும்போது மண்ணில் கிடைத்தால் கதையே வேறு. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் வரம்பு இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.