மூக்குச் சுட்டெண்

மூக்குச் சுட்டெண் என்பது மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து 100 ஆல் பெருக்கக் கிடைக்கும் எண் ஆகும். 19 ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மானிடவியலாளர்கள் மனிதரை இனங்களாகப் பிரிக்க இதனைப் பயன்படுத்தினர். சுட்டெண் 70 இற்குக் குறைவாயின் குறுகிய மூக்கு, 70 முதல் 85 வரை நடுத்தர மூக்கு, 85 இற்கு மேல் அகன்ற மூக்கு எனக் கொள்ளப்பட்டது. பிரித்தானிய இந்தியாவில் இது சாதிகளை வரிசைப்படுத்தும் கருவியாக மாறியது. இன வகைப்பாட்டு முறை என்ற அளவில் இது கைவிடப்பட்டுவிட்டது.

ஐரோப்பியப் பின்னணி

ஐரோப்பாவில் தலையின் வடிவம், உயரம், முடி மற்றும் கண்ணின் நிறம் ஆகியவற்றைக் கொண்டு இனங்கள் வகுக்கப்பட்டன. வில்லியம் ரிப்ளி 1899 இல் ஐரோப்பியரைத் தியூட்டானியர், அல்பைனியர், மத்தியதரையர் என மூன்றாகப் பிரித்தார். வட ஐரோப்பியரைக் குறிக்கும் "நோர்டிக்" என்னும் பெயர் யோசப் டெனிக்கரின் ஆக்கம் ஆகும். இப்பெயர் பின்னர் செருமானிய நாட்சிகளின் இனக்கொள்கையில் இடம்பெற்றது.

இந்தியாவில்

1901 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையரான ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கு அகன்று செல்லச் செல்லச் சாதியின் சமூக நிலை தாழ்கிறது எனக் கருதினார். இந்தியரை ஏழு வகைகளாகவும் பிரித்தார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியரின் மூக்கையும் தலையையும் இடுக்கிமானியால் அளந்தார். தோலின் நிறத்தை அளக்கவும் ஒரு கருவியை வைத்திருந்தார். க. ரங்காச்சாரியின் துணையுடன் அவர் எழுதிய "தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்" என்னும் நூல் 1909 இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது.

காஞ்சிபுரத்தின் நெசவாளர் சமூகங்களுள் ஒன்றான கைக்கோளர் (செங்குந்தர்) பற்றியும் இந்நூலில் கட்டுரை உள்ளது. அச்சமூகத்தின் 72 நாடுகள் என்னும் அமைப்பையும், அதில் காஞ்சிபுரம் பெற்றிருந்த தலைமை நிலையையும் அது பதிவு செய்கிறது. இத்தகைய வழக்காற்றுக் குறிப்புகளுக்காகவே ஆய்வாளர்கள் இந்நூலை இன்றும் புரட்டுகின்றனர், மூக்களவுகளுக்காக அன்று. உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து இணைக்கும் கோர்வை முறை, தறிக்குழியில் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் பழகி வருவது. எந்த இடுக்கிமானியிலும் அது பதிவாவதில்லை.

குறைபாடுகள்

அகலம் 35 மி.மீ., உயரம் 50 மி.மீ. எனில் சுட்டெண் 70. அகலத்தை 34 மி.மீ. என அளந்துவிட்டால் 68. ஒரு மில்லிமீட்டர் பிழை ஒருவரை வேறு வகைக்குள் தள்ளிவிடும். தர்ஸ்டனின் அட்டவணைகளிலேயே ஒரே சாதிக்குள் சிறும அளவுக்கும் பெரும அளவுக்கும் இடையே பெரிய இடைவெளி காணப்படுகிறது. ஆகவே சராசரியை வைத்துத் தனி மனிதரை அடையாளம் காண இயலாது. மூக்கின் வடிவம் வெப்பத்தோடும் ஈரப்பதத்தோடும் தொடர்புடையது என்பதை 1923 இல் தாம்சனும் பக்ஸ்டனும் காட்டினர். கோ. ச. குர்யே 1932 இல் ரிஸ்லியின் முடிவுகள் இந்தியா முழுவதற்கும் பொருந்தா எனக் கண்டார். அம்பேத்கர் 1948 இல் தீண்டாமை பற்றிய தம் நூலில் இதே அளவுகளைக் கொண்டே, பிராமணரும் தீண்டப்படாதவரும் வெவ்வேறு இனத்தவர் அல்லர் என வாதிட்டார். வகைப்படுத்துவதற்காகத் திரட்டப்பட்ட எண்கள் அவ்வகைப்பாட்டுக்கே எதிராகச் சான்று கூறின.

பிற்காலம்

பி. எஸ். குகா 1931 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புத் தரவுகளிலிருந்து இந்தியரை ஆறு இனங்களாக வகுத்தார். "நோர்டிக்" அவற்றுள் ஒன்று. போட்டித் தேர்வு வழிகாட்டிகளில் இப்பட்டியல் இன்னமும் காணப்படுகிறது. உடலளவுத் தரவுகளை ஒப்பிட முயன்ற பி. சி. மகாலனோபிசு 1936 இல் வரையறுத்த "மகாலனோபிசு தொலைவு" மட்டும் புள்ளியியலிலும் கணினித் துறையிலும் பெருவழக்கில் உள்ளது.