சிறுத்தையைப் படமெடுத்தல்: வில்பத்துக் காட்டிலிருந்து கணினித் திரை வரை

2018 ஜூன் மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தை ஒன்று பலரைக் காயப்படுத்தியது. பின்னர் அது அடித்துக் கொல்லப்பட்டது. கைத்தொலைபேசிகளில் எடுக்கப்பட்ட காட்சிகள் அன்றே உலகெங்கும் பரவின, கைதுகளும் நடந்தன. வடக்கில் பலர் சிறுத்தையைக் கண்ட முதற்படம், தடிகளுக்கு நடுவே கிடந்த அந்த உடலின் படம்தான். ஆனால் இதே வடக்கின் எல்லையில், உயிரோடு நடமாடும் சிறுத்தையை ஆறுதலாக இருந்து படமெடுக்கக்கூடிய காடு ஒன்று உண்டு.

காடும் போரும்

இலங்கையில் சிங்கமும் வரிப்புலியும் இல்லை. காட்டின் உச்ச வேட்டை விலங்கு சிறுத்தையே. உலகில் வேறெங்கும் இல்லாத கிளையினமான இதில் வளர்ந்தவை 800க்கும் குறைவு என மதிப்பிடப்பட்டுள்ளது. போட்டிக்கு வேறு பெரும்பூனை இல்லாததால் பகலிலும் வெட்டைக்கு வருவது இதன் இயல்பு.

1938இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட வில்பத்து, மன்னாரின் தென்பகுதியைத் தொட்டபடி சுமார் 1,300 சதுர கிலோமீற்றர் பரந்திருக்கிறது. 'வில்லு' எனப்படும் இயற்கை நீர்நிலைகளே இதன் அடையாளம். போர் இந்தக் காட்டையும் விடவில்லை. 1988 டிசம்பரில் மூடப்பட்ட பூங்கா 2003இல் திறந்தது. 2006 மே 28 அன்று பூங்காவுக்குள் கண்ணிவெடியில் சிக்கி எழுத்தாளர் நிஹால் டி சில்வாவும் உடன் சென்றவர்களும் உயிரிழந்தனர். ஆனையிறவிலிருந்து வில்பத்துக் காடு வழியே செல்லும் இருவரின் பயணத்தை நாவலாக எழுதியவர் அவர். மறுபடி மூடப்பட்ட பூங்கா 2010இல்தான் திறக்கப்பட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் வவுனியா, மதவாச்சி கடந்து அநுராதபுரம் சென்று, அங்கிருந்து ஹுனுவிலகம நுழைவாயிலை அடையலாம். வாயில் காலை 6 மணிக்குத் திறக்கும். முதல்நாள் இரவே அநுராதபுரத்தில் தங்கினால் விடியல் வெளிச்சத்தைத் தவறவிடமாட்டீர்கள்.

காட்டைக் கேளுங்கள்

சிறுத்தையைக் கண்ணால் தேடுவதைவிடக் காதால் தேடுவது பயன்தரும். புள்ளிமான் கூர்மையாகக் கத்தினாலோ, மந்தி மரத்திலிருந்து ஒரே திசையைப் பார்த்துக் குரைத்தாலோ ஜீப்பை நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து 20 நிமிடங்கள் காத்திருங்கள். எஞ்சின் அதிர்வு ஓய்ந்தால் படமும் கூர்மையாகும். அரிசியோ பயறோ நிரப்பிய துணிப்பையை ஜீப்பின் ஓரத்தில் வைத்து அதன்மேல் லென்ஸைத் தாங்கவிடலாம். ஜீப்புக்குள் முக்காலியை விரிப்பதைவிட இது வசதி.

அசைவை நிறுத்துதல்

400 மில்லிமீற்றர் அளவு லென்ஸ் போதுமானது. நடக்கும் சிறுத்தைக்கு ஷட்டர் வேகம் செக்கனில் 1/500 வேண்டும். ஓடும்போதும் பாயும்போதும் 1/1600 அல்லது அதற்கு மேல். விடியலில் வெளிச்சம் குறைவு என்பதால் துவாரத்தை முழுதாகத் திறந்து ஐ.எஸ்.ஓ.வை 3200 வரை உயர்த்தத் தயங்க வேண்டாம். படத்தில் விழும் மணல்போன்ற புள்ளிகளைப் பின்னர் குறைக்கலாம். அசைந்து கலங்கிய கண்ணைத் திருத்த வழியில்லை.

தொடர்ச்சியாகக் குவியும் முறையையும் தொடர் பிடிப்பையும் தெரிவுசெய்து, கண்ணில் குவியுங்கள். பாய்வதற்கு முன் சிறுத்தை உடலைத் தாழ்த்தும், பின்னங்கால்களை ஒன்றுசேர்க்கும், வால்நுனி துடிக்கும். விரலை அழுத்த வேண்டியது அப்போது, பாய்ந்தபின் அல்ல. அது போகும் திசையில் இடம் விட்டுச் சட்டகம் அமையுங்கள். வேகத்தை உணர்த்த விரும்பினால் 1/30 செக்கனில், விலங்கோடு சேர்த்துக் கமராவைத் திருப்பி எடுக்கலாம். அப்போது முகம் தெளிவாகவும் காடு கோடுகளாகவும் வரும். பத்தில் ஒன்று சரிவந்தாலே இலாபம்.

ஃபிளாஷ் வேண்டாம். ஜீப்பை விட்டு இறங்குவதோ, கத்தி அழைப்பதோ, பாதையை மறிப்பதோ கூடாது.

திருத்தமும் உண்மையும்

படங்களை 'றோ' கோப்பாக எடுத்தால் திருத்த இடமிருக்கும். முதலில் வெளிச்சத்தையும் வெண்சமநிலையையும் சரிசெய்யுங்கள். விடியலின் மஞ்சளை முழுதாக நீக்கிவிடாதீர்கள். அதுதான் அந்த நேரத்தின் சாட்சி. பிறகு நிழலைச் சற்றுத் தூக்கி, புள்ளிகளைக் குறைத்து, தேவையான அளவு வெட்டி, கடைசியில் கண்ணையும் மீசையையும் மட்டும் கூர்மையாக்குங்கள்.

மரக்கிளையை அழிப்பதும் இல்லாத மானைச் சேர்ப்பதும் திருத்தம் அல்ல, பொய். உலகப் புகழ்பெற்ற காட்டுயிர் ஒளிப்படப் போட்டி ஒன்றில் வென்ற ஓநாய்ப் படம், பழக்கப்படுத்திய விலங்கைக் கொண்டு எடுக்கப்பட்டதெனத் தீர்மானிக்கப்பட்டு 2010இல் தகுதி நீக்கப்பட்டது. ஒரு படம் சாட்சியாக நிற்பதும், பொய்யென்று தள்ளப்படுவதும் எவ்வளவு பெரிய விடயம் என்பதை எம்மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உண்மையான படத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒவ்வொரு சிறுத்தையின் புள்ளிகளும் வேறுவேறானவை. எங்கள் கைரேகை போல. அவற்றை ஒப்பிட்டே ஆய்வாளர்கள் சிறுத்தைகளை அடையாளம் கண்டு எண்ணுகிறார்கள். முகத்தையும் இரு பக்கங்களையும் காட்டும் படங்களைத் திகதியோடு பேணிவையுங்கள். ஆனால் முகநூலில் பகிருமுன் கோப்பிலுள்ள இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். சுருக்குக்கம்பி வைப்பவரும் அதைப் பார்க்கக்கூடும்.

வன்னியில் உங்கள் ஊருக்குள் சிறுத்தை வந்தால், தொலைபேசியை எடுக்க வேண்டியது படம்பிடிப்பதற்கல்ல. வனஜீவராசிகள் அலுவலகத்துக்கும் பொலிஸாருக்கும் அறிவிப்பதற்கு. கூட்டம் சூழ்ந்தால் வெளியேற வழியற்ற விலங்கு மனிதர்மேல் பாயும். அது போக ஒரு திசையைத் திறந்துவிட்டு, பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளுங்கள். அம்பாள்குளத்துப் படம் போன்ற இன்னொன்று எமக்கு வேண்டாம்.