ஹேர்பார்ட்டின் படிகள்

பாடமொன்றைக் கற்பிக்குமுன் அதனைப் படிகளாக வகுத்து எழுதிக்கொள்ளும் வழக்கம் பள்ளிக்கூடத்தோடு உடன்பிறந்தது போலத் தோன்றுகின்றது. எனினும், இன்று பயிற்சிக் கலாசாலைகளில் வழங்கும் பாடக்குறிப்பின் மூலத்தைத் தேடிச் செல்வோர் பள்ளிக்கூடம் ஒன்றையன்று, ஒரு வீட்டையே சென்றடைவர்.

1797 முதல் 1800 வரை யோகான் பிரெடெரிக் ஹேர்பார்ட் என்னும் ஜேர்மன் இளைஞர் சுவிற்சர்லாந்தில், இன்ரலாக்கன் ஆளுநரின் இல்லத்தில் தங்கி, அவருடைய புதல்வர் மூவருக்குக் கல்வி புகட்டினார். பிள்ளைகளின் முன்னேற்றங் குறித்துத் தந்தைக்கு அவர் எழுதிய அறிக்கைக் கடிதங்களிற் சில இன்றும் எஞ்சியுள்ளன. ஒரே வீட்டுப் பிள்ளைகளையும் வயதாலும் இயல்பாலும் வேறுபட்டவர்களாகவே அவர் நோக்கினார். புதிய எண்ணமொன்று மனத்தில் ஏற்கெனவே உள்ள எண்ணங்களைப் பற்றிக்கொண்டே இடம்பெறும் என்பது பின்னர் அவர் வகுத்த உளவியலின் அடிப்படையாகும். 1806இல் வெளிவந்த கல்வியியல் நூலில் தெளிவு, தொடர்பு, ஒழுங்கு, முறை என நான்கு நிலைகளை அவர் கூறினார். இவை கற்போன் மனம் இயங்கும் நிலைகளேயன்றி, நாற்பது நிமிடப் பாடமொன்றின் பகுதிகள் அல்ல.

ஹேர்பார்ட் 1841இல் மறைந்தார். அவருடைய புகழ் பரவியது அதன் பின்னரே. லைப்சிக் நகரில் சில்லர், முதல் நிலையை இரண்டாகப் பிரித்து ஐந்தாக்கினார். யெனாப் பல்கலைக்கழகத்தில் ரைன் அவற்றை ஆயத்தம், எடுத்துரைத்தல், இணைத்தல், பொதுமையாக்கல், பிரயோகம் எனச் செப்பஞ்செய்தார். பெருகிவந்த பள்ளிகளுக்கு ஆசிரியரை விரைவிற் பயிற்றவேண்டியிருந்த அக்காலத்தில், எவரும் கற்றுக்கொள்ளத்தக்க முறையொன்று வரவேற்கப்பட்டதில் வியப்பில்லை. அனுபவமற்ற இளம் ஆசிரியருக்கு அது பற்றுக்கோடாயிற்று என்பதை மறுத்தல் நியாயமன்று. ஆனால் கணிதத்துக்கும் கவிதைக்கும் அதே ஐந்து படிகள் விதிக்கப்பட்டன. கவிதையொன்றைக் கற்பிக்குமிடத்து ‘பொதுமையாக்கல்’ எதனைக் குறிக்கும் என்ற வினாவுக்கு எவரும் தக்க விடை கூறினாரல்லர்.

அமெரிக்காவில் இம்முறை 1890களிற் பெருஞ் செல்வாக்குப் பெற்றது. 1910இல் ஜோன் டூயி தமது ‘நாம் சிந்திக்கும் முறை’ என்னும் நூலில் இதனை ஆராய்ந்தார். அவர் படிகளை முற்றாகத் தள்ளிவிடவில்லை. பாடத்துக்குத் தன்னை ஆயத்தஞ் செய்யும் ஆசிரியர் இப்படிகள் வழியே சிந்தித்தல் பயன்தரும். ஆயின் வகுப்பறையிற் பாடம் அதே ஒழுங்கிற் செல்லவேண்டுமென வற்புறுத்துதல் தவறு என்பதே அவர் கருத்து. பாடக்குறிப்புப் பற்றி எழுதப்பட்டவற்றுள் இதனினும் கூரிய வேறுபடுத்தல் அரிது. சிந்தனைக்குத் துணையாக எழுந்த ஏடு, வித்தியாதரிசியின் கைக்குச் சென்றதும் சான்றுப்பத்திரமாகிவிடுகின்றது.

யப்பானில் இதே படிகள் வேறொரு சூழலுக்குட் புகுந்தன. 1887இல் தோக்கியோவுக்கு அழைக்கப்பட்ட எமில் ஹவுஸ்க்னெக்ற் என்னும் ஜேர்மானியர் ஹேர்பார்ட் நெறியைப் போதித்தார். ஐம்படி முறை அங்கும் விறைத்த சடங்காகவே சிலகாலம் நடந்தது. எனினும், ஆசிரியர் கூடித் திட்டமிட்டு, ஒருவர் கற்பிக்க ஏனையோர் பார்த்திருந்து, பின்னர் அப்பாடத்தைப் பற்றி உரையாடும் ‘பாட ஆய்வு’ வழக்கம் அந்நாட்டில் மெய்ஜி காலந்தொட்டு வளர்ந்து நிலைத்தது. அங்கே திட்டத்தை வாசிப்போர் மேலதிகாரி மட்டுமல்லர், சக ஆசிரியருமாவர்.

1987இல் அமெரிக்க விஞ்ஞானப் பாடத்திட்டக் குழுவொன்றில் பைபீயும் அவர்தம் துணைவரும் ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்னும் ஐந்து கட்ட மாதிரியை அமைத்தனர். தமது மாதிரியின் மூதாதையருள் ஹேர்பார்ட்டையும் டூயியையும் அவர்கள் பின்னர் வெளிப்படையாகவே குறிப்பிட்டனர். இலங்கையில் 2007ஆம் ஆண்டுப் பாடத்திட்டச் சீர்திருத்தத்துடன் ஐந்து ‘ஈ’ என்னும் பெயரால் அம்மாதிரி வகுப்பறைகளுக்கு வந்தது. மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகள், செயற்பாடுகளை முன்கூட்டியே வகுத்துக் கொடுத்தன. நூல்நிலையமோ ஆய்வுகூடமோ இல்லாத பாடசாலை ஆசிரியருக்கு இவை பெருந்துணை என்பது உண்மை. ஆயினும், படிகள் பயன்படுமிடம் ஆசிரியரின் சொந்த ஆயத்தமே என்று டூயி கூறியிருக்க, அவ்வாயத்தம் அச்சிடப்பட்டு வெளியிலிருந்து வந்துசேர்ந்தது.