பஹாவ் பால், பர்மிங்ஹாம் டயர்

நெகிரி செம்பிலானில் பஹாவ் பக்கம் போனால் கெடிஸ் தோட்டம் என்ற பெயர் அடிபடும். அந்தப் பெயருக்குரிய சர் எரிக் கெடிஸ் 1920-களில் டன்லப் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். டயர் செய்கிற கம்பெனியே ரப்பர் தோட்டத்தையும் வைத்திருந்தது. ஆகவே அந்த டயரின் கதையை ஆலையிலிருந்து தொடங்க முடியாது. பெரட்டு என்கிற ஆள்கணக்கெடுப்பு முடிந்ததும் இருட்டோடு உளியை எடுத்துக்கொண்டு நிரைக்குப் போன தமிழர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

பட்டையைச் சீவினால் பால் மங்குக் கிண்ணத்தில் வடியும். வெயில் ஏறினால் வடிவது குறைந்துவிடும் என்பதால் விடியுமுன்பே வெட்டு தொடங்கும். வாளியில் சேர்த்த பாலை ஸ்டோருக்குச் சுமந்துபோய் நிறுத்துக் கொடுப்பார்கள். மறுநாள் வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலையும் விடுவதில்லை. ஸ்டோரில் அமிலம் விட்டு உறையவைத்த பால், உருளையில் சீட்டாகிப் புகைக்கூடத்தில் தொங்கும். பிறகு ரயில், கப்பல், பர்மிங்ஹாமின் ஃபோர்ட் டன்லப் போன்ற ஆலைகள். டயராகத் திரும்பி வந்தபோது அது துரையின் காரில் ஓடியது.

இந்தப் போக்குவரத்தை நடத்தியவை சட்டங்கள். 1922-இல் வந்த ஸ்டீவன்சன் திட்டம் மலாயாவின் ரப்பர் ஏற்றுமதிக்கு அளவு கட்டியது. 1925-இல் விலை எகிறியது. அமெரிக்கக் கார், டயர் முதலாளிகள் கொதித்துப்போனார்கள். ஃபயர்ஸ்டோன் லைபீரியாவுக்கும் ஃபோர்ட் பிரேசில் காட்டுக்கும் சொந்தத் தோட்டம் தேடிப் போனார்கள். 1928-இல் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்து வந்தது உலக மந்தம். கார் விற்பனை படுத்தது. 1930 முதல் ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

மலாயாவின் விடுதலைக்குப் பின் பாலின் பயணம் சுருங்கியது. 1960-களில் டன்லப் பெட்டாலிங் ஜெயாவிலேயே டயர் செய்தது. முழுக் காராக இறக்கினால் வரி அதிகம், பாகங்களாகப் பெட்டியில் கொண்டுவந்து இங்கே பூட்டினால் குறைவு என்று அரசு விதித்தது. 1967-இல் ஷா ஆலாமுக்கு அருகே பத்து தீகாவில் வால்வோ கார்கள் அப்படிப் பூட்டப்பட்டன. பின்னர், உள்நாட்டில் கிடைக்கும் பாகங்கள் அந்தப் பெட்டிக்குள் இருக்கவே கூடாது என்ற விதி வந்தது. அந்தப் பட்டியலில் டயரும் உண்டு. கடல் தாண்டாமலே பால் டயரானது.

1985 ஜூலையில் மிட்சுபிஷியின் துணையோடு புரோட்டோன் சாகா கார் வந்தது. மற்றக் கம்பெனிகளின் பெட்டிகளுக்குத் தீர்வை; புரோட்டோனுக்கு விலக்கு. புதிய தொழில் காலூன்ற அரசு கைகொடுத்தது சரிதான் என்றே நினைக்கிறேன். என் மனத்தை உறுத்துவது வேறு. அதே காலத்தில் பால்வெட்டுத் தொழிலாளியின் கூலி, தோட்ட முதலாளிகள் சங்கத்துக்கும் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தப்படி ரப்பரின் சந்தை விலையோடு கட்டப்பட்டிருந்தது. விலை இறங்கினால் கூலியும் இறங்கும். மழை நாளில் வெட்டு இல்லை, வருமானமும் இல்லை. மாதச் சம்பளம் கேட்டுத் தொழிலாளர் சங்கம் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. காரை உலகச் சந்தையிலிருந்து காப்பாற்றச் சட்டம் இருந்தது. அதன் டயருக்குப் பால் எடுத்தவரைக் காப்பாற்ற அப்படி ஒன்று இல்லை. தோட்டத்து வீடுகளுக்கு முதலில் வந்த வண்டி பெரும்பாலும் தவணையில் எடுத்த ஹோண்டா கப் மோட்டார் சைக்கிள். அதன் டயர் தேய்ந்தால் மாற்ற ஒரு மாத வருமானத்தில் இடம் தேட வேண்டும்.

1990-இல் டன்லப் தோட்டங்கள் ஐ.ஓ.ஐ. நிறுவனத்தின் கைக்குப் போயின. பால்மரம் நின்ற நிலங்களில் செம்பனை ஏறியது. ஷா ஆலாமில் அரை நூற்றாண்டு ஓடிய குட்இயர் டயர் ஆலை 2024-இல் மூடப்பட்டது. மலேசியாவின் கையுறை ஆலைகளுக்கும் பிற ரப்பர் ஆலைகளுக்கும் உள்ளூர்ப் பால் போதவில்லை. தாய்லாந்திலிருந்தும் ஐவரி கோஸ்டிலிருந்தும் இறக்குமதி ஆகிறது.