வகுப்பறை மேலாண்மைப் பயிற்சி: தொடக்க வகுப்புகள்
சிறு குழந்தைகளை அச்சுறுத்தாமல் வகுப்பை நடத்த வருங்கால ஆசிரியர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சி. தமிழ்நாட்டில் இது இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்போடு சேர்ந்தது. ஏட்டுப் பாடத்தைவிடப் பள்ளிகளில் மேற்கொள்ளும் கற்பித்தல் பயிற்சியே இதில் பெரிதும் பயன்படுவது. ஐந்து வயதுக் குழந்தையால் நெடுநேரம் ஓரிடத்தில் அமர முடியாது. ஆகவே கதை, பாட்டு, விளையாட்டு என மாற்றி மாற்றி நடத்தப் பழக்குகின்றனர். இரைச்சல் மிகும்போது ஆசிரியர் ஒரு தாளத்தில் கைதட்டுவார். குழந்தைகள் அதையே திருப்பித் தட்டுவதற்குள் பேச்சு அடங்கிவிடும். ஓராசிரியர் பல வகுப்புகளைக் கவனிக்கும் சிற்றூர்ப் பள்ளியில் வேலை கடினம்: ஒரு குழு எழுதும் நேரத்தில் மற்றதற்குக் கற்பிக்க வேண்டும். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் 1 முதல் 3ஆம் வகுப்பு மாணவரை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்ததால் இத்திறன் இன்றியமையாததாயிற்று. குழந்தைகளை அச்சுறுத்தும் உடல் தண்டனையையோ 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது.