சாந்தி பூஷண்: ஒரு தேர்தல் வக்கீலின் வாழ்வு

தேர்தல் வழக்கில் வாதாடுகிறவருக்கு வாக்கு வன்மையே பிரதானம் என்று கருதுவோர் பலர்; ஆனால் 1925-ல் பிறந்து 2023 ஜனவரி 31-ஆம் தேதி காலமான சாந்தி பூஷணின் தொழில் வாழ்வை ஊன்றி நோக்குவோருக்கு, அத்துறையில் பஞ்சாங்கம் கணிப்பவரின் நிதானமே பெரிதும் வேண்டப்படுவது என்பது விளங்கும்.

1971-ல் ராய்பரேலித் தொகுதியில் லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் இந்திரா காந்தியிடம் தோற்ற ராஜ் நாராயண், அலகாபாத் ஹைகோர்ட்டில் அவர்மீது சாட்டிய குற்றங்களில் கம்பளியும் வேட்டியும் மதுவும் வழங்கியதாகச் சொன்னவை நிலைபெறவில்லை. நிலைத்தவற்றுள் தலையாயது சில தேதிகளைப் பற்றி நின்றது. பிரதமரின் செயலகத்தில் விசேஷ அலுவலராயிருந்த யஷ்பால் கபூர் 1971 ஜனவரி 7-ஆம் தேதியே தொகுதியில் பிரசங்கம் செய்தார். அவரது ராஜிநாமாவோ 13-ஆம் தேதியது. வேட்புமனு பிப்ரவரி 1-ஆம் தேதிதான் கொடுக்கப்பட்டது என்பது மெய்யே. ஆயினும் 1970 டிசம்பர் 29-ஆம் தேதி, தொகுதி மாறும் உத்தேசம் இல்லையென்று நிருபர்களிடம் கூறியபோதே இந்திரா காந்தி அபேட்சகராகிவிட்டார் என்று வாதித்த சாந்தி பூஷண், 1975 மார்ச்சில் கோர்ட்டுக்கு நேரில் வந்து சாட்சியம் அளித்த பிரதமரை இரு தினங்கள் குறுக்கு விசாரணை செய்தார். ஜூன் 12-ஆம் தேதி நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா அவ்வாதத்தை ஏற்று, பொதுக்கூட்ட மேடைகள் அமைக்க மாகாண அதிகாரிகளின் உதவி பெற்றதையும் குற்றமெனக் கண்டு, தேர்தலை ரத்துச் செய்தார். போக்குவரத்துக் குற்றத்துக்காகவா ஒரு பிரதமரை இறக்குவது என்று அந்நாளில் பரிகசித்தவர் உண்டு. அப்பரிகாசம் நியாயமென எனக்குத் தோன்றவில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு சர்க்கார் ஊழியரின் உதவி நாடப்பட்டதா என்றே வினவுகிறது. அதன் அளவை வினவுவதில்லை.

அதே மாதம் 25-ஆம் தேதி அவசரநிலை வந்தது. மனுத் தாக்கலான பிறகே ஒருவர் அபேட்சகராவார் என்று சட்டம் முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது. அத்துடன் அமையாமல், பிரதமரின் தேர்தலை நியாயஸ்தலங்களின் விசாரணைக்கே அப்பாற்படுத்த 39-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் இயற்றப்பட்டது. நவம்பர் 7-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்புக்கு விரோதமானதென்று அத்திருத்தத்தின் உரிய ஷரத்தைத் தள்ளியது. திருத்திய தேர்தல் சட்டத்தையோ செல்லுமென ஏற்று, இந்திரா காந்தியின் வெற்றியை உறுதிப்படுத்தியது. அலகாபாத்தில் சாந்தி பூஷண் அரிதின் நிறுவிய தேதியைப் பார்லிமெண்டு பின்னிருந்து அழித்துவிட்டது, கட்சிக்காரர் தோற்றார். எனினும் சாசனத்தைத் திருத்தும் அதிகாரத்துக்கும் எல்லையுண்டு என்ற கேசவானந்த பாரதி வழக்கின் கோட்பாடு, ஆட்சியின் நேரடி எதிர்ப்புக்கிடையே முதன்முறையாகப் பிரயோகிக்கப்பட்டது இவ்வழக்கில்தான்.

1977-ல் ஜனதா சர்க்காரில் சட்ட மந்திரியானதும், அவர் கொணர்ந்த 44-ஆவது திருத்தம், 39-ஆவது திருத்தம் புகுத்தியதும் அவர் எதிர்த்து வாதாடியதுமான 329-அ விதியையே சாசனத்தினின்று நீக்கிற்று. அவசரநிலைக்கு இனி உள்நாட்டுக் குழப்பம் போதாது, ஆயுதக் கலகம் வேண்டும் என்றும் விதித்தது. 2011-ல் லோக்பால் மசோதாவை வகுக்க அமைந்த கூட்டுக் குழுவில், பிரணாப் முகர்ஜி தலைவராயிருக்க, எண்பத்தைந்து வயதில் இணைத்தலைவராக அமர்ந்து, மந்திரிகளோடு ஒவ்வொரு ஷரத்தாக வாதாடினார்.